மரம் ஏறாதது

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: தாக்கிய விலங்கு.
யானை, சிறுத்தை, செந்நாய், பன்றி, பிற.
பிற என்று எழுதினால்
கோப்பு ஓசூருக்குப் போய் அங்கேயே படுத்துவிடும்.
ராயக்கோட்டை வனச்சரக அலுவலகத்தில்
தினக்கூலிக்குத் தட்டச்சும் நான்
மூன்று வருடத்தில் கற்றது அவ்வளவுதான்.

நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் சொன்னாள் புட்டமாதி:
ஒரு சினையாடு. பட்டப்பகல், பதினொரு மணி.
"சிறுத்தை இல்லீங்க. சிறுத்தைய எனக்குத் தெரியும்,
ரெண்டு நாய அதுக்குக் குடுத்தவ நான்.
இது ஒல்லி. இடுப்பே இல்ல.
கண்ணுல இருந்து வாய் வரைக்கும் கோடு,
மை கரைஞ்சு வழிஞ்சாப்புல.
ஓடுச்சு பாருங்க...
புளியமரம் பக்கத்துலயே இருக்கு, ஏறல.
ஆட்டச் சாச்சிட்டுப் பக்கத்துல படுத்து
மூச்சு வாங்குது.
திங்கக்கூடத் தெம்பில்ல அதுக்கு."

சிவிங்கி.
அந்தச் சொல்லை அதுவரை நான் உச்சரித்ததில்லை.
அகராதியில் இருக்கிறது, தோல் மாதிரி, உள்ளே ஆளில்லாமல்.
சுதந்திரம் வந்த கையோடு அது போய்விட்டது.
இப்போது வடக்கே எங்கோ
விமானத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம்.
ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
டோல்கேட் டோல்கேட்டாகக் கடந்தா வரும்?

புளியமரத்துக் கேமராவில் இரண்டாயிரத்து முந்நூறு படம்.
ஆடு. ஆடு. புட்டமாதி. ஆடு.
ஒதுங்க வந்த ஒருவர்.
காற்று, காற்று, காற்று.
பிறகு 11:04.
புல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்க
ஈர மையின் மேல் கட்டைவிரலை இழுத்த மாதிரி
ஓர் உடம்பு. நீள வால்.
வளையம் என்றால் சிறுத்தை.
புள்ளி வைத்தால் மெய்.

ரேஞ்சர் டீயைக் கீழே வைக்காமல் பார்த்தார்.
"வளையம்தாம்மா. வேகத்துல கலைஞ்சிருக்கு."
அப்படியும் இருக்கலாம்.

அன்று இரவு கணக்குப் போட்டேன்.
ஓர் ஓட்டத்துக்கு முந்நூறு மீட்டர் மண் வேண்டும்,
வேலி இல்லாமல், குழி இல்லாமல்.
உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜாக் கூடாரங்கள்.
சூளகிரியில் சிப்காட்.
கெலமங்கலம் சாலையில் மஞ்சள் பூசிய மனைக்கற்கள்.
நடுவில், கல் அறுத்துப்போன குழியில்
பச்சைத் தண்ணீர்.
வரைபடத்தில் இழுத்து இழுத்து அளந்தேன்:
புட்டமாதியின் கொள்ளுக்காடும்
அதை ஒட்டிய தரிசும் சேர்த்து
இருநூற்று எண்பது.
இருபது மீட்டர் குறைகிறது.

பெண்ணாக இருந்தால் குட்டிகள் இருக்கும்,
முதுகில் சாம்பல் மயிரோடு, ஒரு புதருக்குள்.
வாசனை ஊறும் முன்னே
நாலைந்து நாளுக்கொரு தரம்
ஒவ்வொன்றாய்க் கவ்வி இடம் மாற்றியாக வேண்டும்.
உறுமத் தெரியும், கர்ஜிக்கத் தெரியாது.
பிள்ளைகளைக் கூப்பிடக் குருவிபோல் கீச்சிடும்.
வேட்டையாடியதை இன்னொருவன் பிடுங்க வந்தால்
விட்டுவிட்டு நடக்கும்.
கோழை என்று சொல்லிவிடாதீர்கள்.
கால்தான் அதன் சோறு;
சண்டையில் ஒரு கால் போனால்
புதருக்குள் நாலு வாய் பட்டினி.

சிறுத்தை என்றே தட்டச்சினேன்.

பதினோரு வாரம் கழித்துப் பணம் ஏறியது.
பாஸ்புக்கோடு வந்தவள் கேட்டாள்,
"என்னான்னு எழுதினீங்க?"
சொன்னேன்.
"போவுது. பேரச் சொல்லிக் கூப்ட்டா வரப்போவுது?"
படியிறங்கியவள் திரும்பி,
"பக்கத்துத் தரிசுக்கு வேலிக்கல் ஊன வந்தாங்க.
அது ஓடுற எடத்த விட்டுட்டு ஊனுங்கன்னேன்.
சிரிக்கிறானுங்க."
அவளும் சிரித்தாள், கொஞ்சம்.

ஊனிவிட்டார்களா என்று நான் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் வெற்றுப் படங்களை
அழித்துவிடச் சொல்வார்கள்.
காற்றை அழிப்பேன். ஆடுகளை அழிப்பேன்.
11:04-ஐ மட்டும்
யாரும் பார்க்காத நேரத்தில் கவ்வி
அடுத்த மாதத்தின் கோப்புறையில் கொண்டுபோய் விடுகிறேன்.